அய்யா வளர்த்த டேலியா

40 விதை போட்டேன். 31 முளைத்தது. முப்பத்தாறு வருசம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எதையும் எண்ணாமல் விட முடிவதில்லை. 2024 அக்டோபரில், ஐப்பசி பிறக்கும் முன்பாகவே, முதல் மழை விழுந்து ஆண்டிபட்டிச் செவல் மண்ணின் சூடு கொஞ்சம் தணிந்த நேரத்தில் போட்ட விதைகள்.

டீக்கடைகளில் பொறுக்கிய பேப்பர் கப்புகளில்தான் போட்டேன். எங்கள் பக்கம் சில கடைகளில் ரெட்டைக் கிளாஸ் போய் பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் பேச்சில்லை. அவர்களுக்குக் கழுவி வைத்த கண்ணாடி கிளாஸ், நமக்குப் புதுசாகப் பிரித்த பேப்பர் கப். சுத்தம், சுகாதாரம் என்று காரணம் வேறு. அப்படி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த கப்பை நான் எறியாமல் கையோடு கொண்டுவந்தேன். அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டால் நாற்றுக்கு அதைவிட நல்ல தொட்டி கிடையாது.

அஞ்சாம் நாள் முதல் முளை. மண்ணுக்குள்ளிருந்து கழுத்து மட்டும் வளைந்து வந்தது, தலை இன்னும் உள்ளே. மறுநாள் காலையில் நிமிர்ந்துவிட்டது. விதைத்தோல் கருப்புத் தொப்பி மாதிரி அதன் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்தி அதைப் பிய்த்து எடுக்கப் போனாள். "வேணாம்மா, தானா கழட்டிப் போடும்" என்றேன். அய்யா சொன்ன வார்த்தை அது. அவர் செத்து 26 வருசமாகிறது. என் வாயில் அவர் குரல் வந்தது எனக்கே திடுக்கென்றிருந்தது.

எங்கய்யா கோடைக்கானலில் தோட்டக்காரர். ஆண்டிபட்டிக் காலனியிலிருந்து கோடைக்கு வேலைக்குப் போவது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையிலிருந்து வந்து மேலே வீடு கட்டினார்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் கூலிகள். தூக்கியவன் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. 1908இல் மதுரை வன அதிகாரி பிரையண்ட் உண்டாக்கிய பூங்காவுக்கு அவர் பெயரே நிலைத்திருக்கிறது. அந்தப் பூங்காவில் குழி தோண்டியது யார் என்று நான் கேட்கத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அய்யா ஒரு பங்களாவில் இருந்தார். 1961லிருந்து 1977 வரை. வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பங்களா, வாங்கியவர் நம் நாட்டுக்காரர், பெரிய மனிதர். பெயர் இங்கே வேண்டாம். பழைய குதிரை லாயத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் அய்யாவுக்குத் தங்கல். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். காட்ரோட்டில் இறங்கி, பெரியகுளம், தேனி என்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் ராத்திரியாகிவிடும். அவர் சட்டையில் ஈர மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எங்கள் ஊரில் அந்த வாசனை கிடையாது.

அம்மா மல்லிகைத் தோட்டத்துக்குப் பூவெடுக்கப் போவார். ஆண்டிபட்டிப் பூ மார்க்கெட்டைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. விடியும் முன்னே தோட்டத்தில் இருக்க வேண்டும், மொட்டாக எடுக்க வேண்டும், வெயில் ஏறினால் விலை போகாது. எடுத்த பூவில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியே வர முடியாது. மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். புருசன் மலைமேல் பூ வளர்க்கிறான், பெண்டாட்டி கீழே பூ பறிக்கிறாள், வீட்டில் ஒரு முழம் பூ கிடையாது. டேலியாவைப் பற்றி அய்யா பேச ஆரம்பித்தாலே அம்மாவுக்கு எரிச்சல் வரும். "மணமும் இல்ல. தலையில வைக்க ஆகாது, சாமிக்கு ஆகாது, பொணத்துக்கும் ஆகாது. அது என்னய்யா பூவு?"

"கெழங்கு இருக்குல்ல" என்பார் அய்யா.

"அவிச்சுத் திங்கலாமா?"

திங்கலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மெக்சிகோவில் பழங்குடி மக்கள் அதைத் தின்றிருக்கிறார்கள். அதன் சொந்த நாடு அதுதான். அங்கே அதற்கு அகோகோட்லி என்று பெயர், தண்டு உள்ளே குழலாக இருப்பதால் வந்த பெயர் என்கிறார்கள். 1789இல் அது மாட்ரிட் நகரத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1791இல் கவனியெஸ் என்ற ஸ்பெயின் பாதிரியார், ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் தாவரவியலாளரின் நினைவாக டேலியா என்று பெயர் வைத்தார். டால் அதற்கு இரண்டு வருசம் முன்பே செத்துப்போயிருந்தார். காலங்காலமாக அதை வளர்த்துத் தின்று பெயர் சொல்லி அழைத்த சனத்தின் சொல் போய், அந்த மண்ணை மிதிக்காத ஒருவரின் பெயர் உலகமெல்லாம் நின்றுவிட்டது. பெயர் வைக்கிற உரிமை யாருக்கு என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. எங்கள் காலனிக்கே மூன்று பெயர் இருக்கிறது. நாங்கள் வைத்தது, ஊர்க்காரர்கள் வைத்தது, சர்க்கார் வைத்தது.

டேலியாவை இரண்டு விதமாக வளர்க்கலாம். கிழங்கை வைத்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வரும். அதே நிறம், அதே அடுக்கு. ஒரு கிழங்குக்கொத்தை நாலாக வெட்டி நட்டால் நாலும் ஒன்றுதான். வெட்டும்போது கழுத்தில் தண்டோடு சேர்ந்த கண் இருக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கு மேலெல்லாம் கண். டேலியாவுக்குக் கழுத்தில் மட்டும்தான். கண்ணில்லாத துண்டு எவ்வளவு பெரிதானாலும் மண்ணுக்குள் சும்மா கிடந்து அழுகும். பங்களாக்களில் கிழங்குக்குத்தான் மதிப்பு. மார்கழிப் பனியில் செடி கருகியதும் தோண்டியெடுத்து, மணல் பெட்டியில் எண்ணி வைத்து, மாசியில் மறுபடி நடுவார்கள்.

விதை அப்படி இல்லை. விதையில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பங்களாவுக்கு விதை குப்பை. வாடின பூவை அன்றாடம் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் செடி விதைக்குப் போய்ப் பூ குறைந்துவிடும். அதுதான் அய்யாவின் காலை வேலை. அப்படிக் கிள்ளியதில் சில தலைகளை அவர் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கோடையின் ஈரத்தில் அது செடியிலேயே காயாது, அழுகிவிடும். காம்போடு வெட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார். மொட்டுக்கும் விதைத்தலைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூட லீவில் ஒரு தடவை போயிருந்தபோது நான் மொட்டைக் கிள்ளிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. இரண்டையும் என் கையில் வைத்து, "இது சட்டப் பொத்தான் மாதிரி உருண்டை, மொட்டு. இது பம்பர ஆணி மாதிரி கூர்ப்பு, முடிஞ்ச பூவு" என்றார். விதை வெள்ளரி விதையைக் கருக்கியது போலத் தட்டையாக, கருப்பாக இருக்கும். கோபால் பல்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

தார் டின்களை வெட்டி மண் நிரப்பி, கொட்டகைக்குப் பின்னால் ஆள் பார்க்காத இடத்தில் அந்த விதைகளை வளர்த்தார். பெரும்பாலும் ஒற்றை அடுக்குப் பூக்கள்தான் வந்தன. 1974இல் ஒன்று வந்தது. பங்களாவில் எந்தச் செடியிலும் இல்லாத பூ. காய்ந்த ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பு, ஒவ்வொரு இதழின் நுனியிலும் நகக்கண் அளவு வெள்ளை. சோற்றுத் தட்டு அகலம். முதலாளி ஒருநாள் பின்பக்கம் வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே அது பங்களாவின் முன்பக்கம் போய்விட்டது. அடுத்த இரண்டு வருசமும் கோடை சீசனில் நடந்த மலர்ப் போட்டியில் அந்தப் பூவுக்குப் பரிசு. பூவுக்கு முதலாளி தன் மனைவியின் பெயரை வைத்தார். அய்யாவுக்குப் பத்து ரூபாயும் ஒரு பழைய ஸ்வெட்டரும் கிடைத்தது. அந்த ஸ்வெட்டரை ஆண்டிபட்டி வெயிலில் யார் போடுவது? அம்மா அதைப் பிரித்து நூலாக்கி உறியில் கட்டினார்.

1977 மாசி. நடவு நேரத்தில் மணல் பெட்டியைத் திறந்து எண்ணியபோது அந்தப் பூவின் கிழங்கில் ஒரு துண்டு குறைந்தது. வேலைக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கொட்டகையைத்தான் முதலில் சோதனை போட்டார்கள். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பல்பொடி டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததைத் தரையில் கொட்டி, அது என்னவென்றே தெரியாமல் மிதித்துவிட்டுப் போனார்கள். அய்யாவின் மடியை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினாறு வருச வேலைக்குக் கணக்கு முடித்தபோது கிழங்கின் விலையென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே சிந்திய விதைகளில் பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு, அரை மூட்டை பொடி உருளைக்கிழங்கோடு அய்யா ராத்திரி வந்து சேர்ந்தார்.

நான் அப்போது ஏழாவது. செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியாது. காலனிக்காரன் வேலைக்குச் சேர்ந்தால் ஊருக்குத் தெரிய ஒரு வருசமாகும், திருடன் என்று பெயரெடுத்தால் ஒரு நாள் போதும். வகுப்பில் ஒருவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. வாத்தியார் யாரையும் கேட்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். "வெத ஒண்ணு போட்டா சொரை ஒண்ணா மொளைக்கும்?" என்றார். வகுப்பே சிரித்தது. பாக்ஸ் மறுநாள் அவன் வீட்டிலேயே கிடைத்தது. அதை வாத்தியார் வகுப்பில் சொல்லவில்லை.

நான் அய்யாவைக் கேட்கவில்லை. எடுத்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதை இப்போதுதான் எழுதுகிறேன். அவரோடு ரோட்டில் சேர்ந்து நடப்பதைக் கொஞ்ச காலம் தவிர்த்தேன். அவர் அதன்பிறகு கமலைக் கிணறு வெட்டவும், வைகை அணைப் பக்கம் கூலிக்குமாகப் போனார்.

பெரியவனாகி, படித்து, அம்பேத்கரைப் படித்து, இயக்கத் தோழர்களோடு பழகிய பிறகு என் சந்தேகம் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பரிகாரம் போல ஊரெல்லாம் அய்யாவின் கதையைச் சொன்னேன். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டம் ஒன்றில் மேடையேறினேன். போடி கலவரம் நடந்து இரண்டு வருசம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பயமும் கோபமும் கூட்டத்தில் இருந்தது. குற்றமே செய்யாத ஒரு தலித் உழைப்பாளி, அவன் உழைப்பையும் திருடி அவன்மேலேயே திருட்டுப் பட்டமும் கட்டிய மேல்சாதி வர்க்கம் என்று நான் பேசப் பேசக் கைதட்டல். அய்யா பின்வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து டீக்கடைப் பக்கம் போவதை மேடையிலிருந்து பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "நல்லாத்தான் பேசுன. கெழங்கப் பத்தி மட்டும் பேசாம விட்ருக்கலாம்."

அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

1998இல் அய்யா செத்தார். அடுத்த ஐப்பசியில் பல்பொடி டப்பாவைத் திறந்து அதிலிருந்த விதைகளை எல்லாம் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. இருபது நாள் தண்ணீர் தெளித்துவிட்டு விரலால் கிளறிப் பார்த்தால் விதை விரலில் பொடியாக உதிர்ந்தது. டேலியா விதைக்கு நாலைந்து வருசத்துக்கு மேல் உயிர் நிற்காது என்று பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்த ஒரு தம்பி சொன்னான். அத்தோடு விட்டுவிட்டேன். வேலை, பிள்ளைகள் படிப்பு, கடன்.

2009இல் ஒருநாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கண் மங்கி, வாசல் திண்ணையே கதி என்று ஆகிவிட்ட காலம். பழைய பேச்சில் நான் மறுபடி அந்தக் கதையை ஆரம்பித்தேன். எடுக்காத கிழங்குக்குப் பணம் பிடித்தான் பாரம்மா என்றேன்.

"எடுக்காம என்ன? எடுத்துட்டுத்தான் வந்தாரு" என்றார் அம்மா.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"உருளைக்கெழங்கு மூட்டையில போட்டு வந்தாரு. கெழங்கோட கெழங்கா. எவன் பாத்தான்? அவரு வளத்த செடி, அவரு எடுத்தாரு. அதுக்குப் பேரு களவா?"

வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கு இந்தப் பக்கம், குழி தோண்டி மணல் போட்டு வைத்திருக்கிறார். பங்குனியில் ஒரு விரல்கடை முளை வந்திருக்கிறது. சித்திரையில் அழுகிவிட்டது. அதைச் சொல்லும்போதுதான் அம்மாவின் குரல் மாறியது. "நாந்தான்டா கெடுத்தேன். வெயிலு எரிக்குதேன்னு தெனமும் கழனித்தண்ணிய ஊத்துனேன். செழிக்கும்னு நெனச்சேன். அவரு தோண்டிப் பாத்தாரு, கூழா இருந்துச்சு. ஒரு வார்த்த கேக்கல என்னைய. கேட்ருந்தா தேவலாம்."

அதனால்தான் முப்பத்திரண்டு வருசம் அம்மாவும் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு ஒரு நாலு வருசம்தான் இருந்தார்.

நான் பல மேடைகளில் சொன்ன கதை பொய்யாகிவிட்டதா என்று பல நாள் யோசித்தேன். சில தோழர்களிடம் சொன்னபோது, "இதை வெளியே சொல்லாதீங்க தோழர், எதிரிக்கு வசதியாப் போயிரும்" என்றார்கள். அவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் ஒரு பாவமும் அறியாதவர்களாக இருந்தால்தான் நியாயம் கேட்கலாம் என்று யார் சட்டம் போட்டது? பரிசு வாங்கியவன் பாவம் அறியாதவனா? குப்பையில் எறிந்த விதையை எடுத்து, நாலு மாதம் காத்து, உலகத்தில் இல்லாத ஒரு பூவை உண்டாக்கியவர் தன் கைவேலையில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரை நிரபராதி ஆக்கித்தான் நான் மதித்தேன். 1991இல் அவர் எழுந்துபோனது அதனால்தான் என்று இப்போது படுகிறது.

2024இல் ஓய்வு பெற்றதும் கோடைக்கு ஒரு தடவை போய்வந்தேன். பங்களா இருந்த இடத்தில் ஓட்டல். ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் டேலியா நின்றது, அடர்ந்த ரோஸ் நிறம், அடுக்கு. வாடின தலைகளை ஒருவர் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு கிடைக்குமா என்றேன். "குப்பதான, எடுத்துக்கங்க. எந்த ஊரு?" ஆண்டிபட்டி என்றேன். "ஆண்டிபட்டில எங்க?" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. அறுபது வருசத்தில் எது எது என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. காலனி என்றேன். அவர் சிரித்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரே செடியில் நன்றாக முற்றிய இரண்டு தலையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். "காத்தாட வைங்க அண்ணே, கவர்ல கட்டிறாதீங்க" என்றார்.

அந்த இரண்டு தலையிலிருந்து பொறுக்கியவைதான் இந்த 40 விதை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முளைத்த 31இல் 7 முதல் வாரத்திலேயே விழுந்தன. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூலாக இளைத்து, சாயங்காலம் நின்றது காலையில் படுத்துக் கிடக்கும். நாற்றழுகல். காரணம் நான்தான், தண்ணீர் அதிகம். கையில் செம்போடு நின்றபோது அம்மாவின் கழனித்தண்ணி ஞாபகம் வந்தது. அதன்பிறகு மண்ணில் விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

மிச்சம் 24. முதல் இரண்டு இலையும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, கரண்டி போல நீளமாக, வழுவழுவென்று இருந்தன. பன்னிரண்டாம் நாள் வாக்கில் அடுத்த ஜோடி வந்தது, ஓரமெல்லாம் பல்லு. அங்கிருந்துதான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டியது. ஒன்றுக்கு முளைக்கும்போதே மூன்று விதையிலை. அது கடைசிவரை ஜோடி ஜோடியாக இல்லாமல் மும்மூன்றாகவே இலை விட்டது. பேத்திக்கு அதன்மேல் தனிப் பாசம். ஒன்றின் தண்டு கத்தரிக்காய்க் காம்பு போல ஊதா ஓடிக் கருத்திருந்தது. கருத்த தண்டில் கருத்த பூ வரும் என்பார் அய்யா. நான் அந்தச் செடியை மற்றதைவிட ஒரு தடவை கூடுதலாகப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலு ஜோடி இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். கருத்த தண்டைக் கிள்ள மட்டும் எனக்கு மனசு வரவில்லை. பேத்திதான் கிள்ளினாள்.

கார்த்திகையில் ஆடு புகுந்து இரண்டைத் தின்றது. 22.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் ஒருநாள் வந்தார். ஊர்த்தெருக்காரர், நல்லவர்தான். மாடிக்கு வந்து நாற்றுகளைப் பார்த்தார்.

"இது என்ன ஜாதிச் செடி சார்?"

தமிழில் இந்தச் சொல்லிலிருந்து பூவுக்கும் தப்பில்லை. ஜாதி மல்லி, நல்ல ஜாதி நாத்து, மட்ட ஜாதிக் கன்று. டேலியா என்றேன்.

"நல்ல ஜாதியாப் பாத்து எனக்கு ஒண்ணு குடுங்க."

"பூத்தாத்தான் சார் தெரியும்."

"தாய்ச்செடி என்ன நெறம்?"

"அதக் கேட்டுப் பிரயோசனம் இல்ல சார். இது தாயப் போல வராது."

அவர் நம்பவில்லை. விவசாயக் குடும்பம், விதையைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தர ஆரம்பித்தார். நான் கணக்கு வாத்தியாராகப் பதில் சொன்னேன். மனுசனுக்கு 46 குரோமோசோம், தாயிடம் ஒரு கூட்டம், தகப்பனிடம் ஒரு கூட்டம், ஆக இரண்டு. தோட்ட டேலியாவுக்கு 64, எட்டுக் கூட்டம். எட்டுச் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டால் கையில் என்ன வரும் என்று எவன் சொல்ல முடியும்? அதோடு, டேலியா பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவந்து போட்டால்தான் விதை பிடிக்கும். அகமணம் அதற்கு ஆகாது. கடைசி வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் சாதியின் சாரமே அகமணம்தான் என்றார். 1936இல், லாகூரில் பேசவிடாத அந்த உரையில், சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை எடுத்து, பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். இதையெல்லாம் டேலியாவோடு சேர்த்துப் பேச எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் செடியைக் காட்டி மனுசனுக்குச் சட்டம் சொல்வது அவர்கள் வேலை. மனு தர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் பேசுகிறது. என் வாத்தியார் சுரைக்காயைக் காட்டினார். சுரைக்காய் மாதிரி வந்தாலும் டேலியா மாதிரி வந்தாலும் எங்கய்யாவின் மடியை அவிழ்த்தது தப்புத்தான். அதற்குத் தாவரவியல் சாட்சி தேவையில்லை.

அவர் ஒரு நாற்றை வாங்கிக்கொண்டார். பேத்தி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்றார். முப்பது வருசமாக அவர் இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறார்.

2025 பொங்கலுக்கு மறுநாள் முதல் பூ, மஞ்சள். தாய் ரோஸ் என்று சொன்னேன் இல்லையா? அப்புறம் வாரத்துக்கு மூன்று நாலாகப் பூத்தன. மாசி பிறப்பதற்குள் 19 செடி பூத்துவிட்டது. வெள்ளை, ஆரஞ்சு, ஊதா, செங்கல் நிறம், மஞ்சளில் சிவப்புக் கீற்று. தாயின் ரோஸ் நிறம் இரண்டில்தான். 13 ஒற்றை அடுக்கு, நடுவில் மஞ்சள் பொட்டு விரிந்து, தேனீ வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. அடுக்குப் பூ ஆறு. அதில் தேனீக்கு வேலையில்லை, உள்ளே போக வழி தெரியாமல் சுற்றிவிட்டுப் போய்விடும். போட்டிகளில் பரிசு அடுக்குக்குத்தான். மூன்றிலைச் செடி பூக்கவே இல்லை, இன்னொன்று வெயிலில் சுருண்டது.

கருத்த தண்டில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். கருஞ்சிவப்புத்தான் வந்தது, எட்டே இதழ், ஒற்றை அடுக்கு, உள்ளங்கை அளவு. நுனியில் வெள்ளை இல்லை. பேத்தி "இதுவா தாத்தா உங்கய்யா பூவு?" என்றாள். இல்லை என்றேன். அது இனி எங்கேயும் இல்லை. பங்களாவில் இருந்த கிழங்குகள் ஓட்டல் கட்டும்போது போயிருக்கும். இங்கே வந்த ஒன்று கழனித்தண்ணியில் போனது.

வைகைக்காரர்களுக்குத் தெரியும், மாசி கடைசியிலேயே வெயில் ஏறிவிடும். இலை ஓரம் கருக ஆரம்பித்ததும் ஒவ்வொரு செடியாகத் தோண்டினேன். விதையில் வந்த செடிக்கும் முதல் வருசமே கிழங்கு வைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாலும் பார்த்ததில்லை. கருத்த தண்டுக்கு அடியில் கட்டைவிரல் அளவில் நாலு, சுண்டுவிரல் அளவில் ஒன்று. கழுத்தில் கண் இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குண்டூசித் தலை போல ஒன்று இருந்தது.

மண்பானையில் மணல் போட்டு, வீட்டில் வெயிலே படாத இடமான என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மணல் ரொம்பக் காய்ந்தால் விரலை நனைத்து உதறுகிறேன், அவ்வளவுதான். சித்திரை முடிய ஒரு தடவை திறந்து பார்த்தேன். சுண்டுவிரல் கிழங்கு சுருங்கிப்போயிருந்தது. மற்ற நாலும் அமுக்கினால் கெட்டியாக இருந்தன. பேத்தி பானையின்மேல் சாக்பீஸால் ஒரு பெயர் எழுதியிருக்கிறாள். எங்கய்யா பெயர்.

வாத்தியார் வாங்கிப்போன செடியும் பூத்ததாம். வெள்ளை. போனில் சொன்னார். அடுத்த வருசம் அதிலிருந்து கிழங்கு தருகிறேன் சார் என்றார். விதைத்தலை இருந்தாலும் எறியாமல் வையுங்கள் என்றேன்.